ரூட் பண்ணினால் சிம் லாக் திறக்குமா? போனை 'அன்லாக்' செய்யக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாம்பரம் மேற்கு, குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி என்று தென்சென்னைப் புறநகரில் எந்த செல்போன் சர்வீஸ் கடை வாசலில் நின்றாலும் 'அன்லாக்' என்ற வார்த்தை காதில் விழும். "அமெரிக்காவுல இருந்து அண்ணன் கொடுத்தனுப்பின போன், நம்ம சிம் எடுக்கல", "இஎம்ஐ கட்டி முடிச்சாச்சு, இன்னும் லாக் காட்டுது", "பழைய போன், கூகுள் அக்கவுன்ட் மறந்துபோச்சு" என்று பிரச்னை ஆளுக்கு ஆள் மாறும். பல இடங்களில் கிடைக்கும் பதில் மட்டும் ஒன்றுதான்: "ரூட் பண்ணிட்டா எல்லாம் ஓப்பன் ஆயிடும்."

உண்மையில் அப்படி ஆகாது. ஒரு ஆண்ட்ராய்டு போனில் குறைந்தது நான்கு விதமான பூட்டுகள் இருக்கலாம். ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. எந்தப் பூட்டு என்று தெரியாமல் போனைக் கொடுத்தால் சிம் லாக் அப்படியே இருக்கும், யுபிஐ மட்டும் போய்விடும் என்ற நிலை வரலாம். முழு விவரத்தைப் பார்க்கலாம்.

பூட்டு நான்கு, பெயர் ஒன்று

முதலாவது, கூகுள் கணக்குப் பூட்டு. கடைக்காரர்கள் இதை 'எஃப்ஆர்பி' என்பார்கள். 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்தது. போனை ரீசெட் செய்தாலும் பழைய ஜிமெயில் கணக்கைக் கேட்கும். திருடியவர் போனைப் பயன்படுத்த முடியாமல் செய்வதுதான் இதன் நோக்கம்.

இரண்டாவது, பூட்லோடர் பூட்டு. போன் ஆன் ஆகும்போது முதலில் இயங்கும் சிறிய மென்பொருள்தான் பூட்லோடர். தயாரிப்பு நிறுவனத்தின் சாஃப்ட்வேர் தவிர வேறு எதையும் ஏற்ற விடாமல் இது தடுக்கும். ரூட் செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் இதைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

மூன்றாவது, நெட்வொர்க் பூட்டு. போனை விற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும். வேறு சிம் போட்டால் 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்கும், அல்லது 'சிம் செல்லாது' என்று காட்டும்.

நான்காவது, கடன் பூட்டு. தவணையில் வாங்கிய போனில் கடன் கொடுத்த நிறுவனம் போடுவது. தவணை தவறினால் திரையே முடங்கிவிடும்.

ரூட் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு 'ரூட்' என்று பெயர். போனில் உள்ள ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில் வைக்கப்பட்டிருக்கும். ஒரு ஆப் இன்னொன்றின் தரவைத் தொட முடியாது. காசு கொடுத்து போனை வாங்கியவருக்கும் இந்த முழு அதிகாரம் தரப்படுவதில்லை. அதை எடுத்துக்கொள்வதற்குப் பெயர்தான் ரூட் செய்வது.

இதன் கதை முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே தொடங்கிவிட்டது. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் ஹெச்டிசி தயாரித்த 'ஜி1' போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே அதில் ஒரு விசித்திரமான ஓட்டை வெளியே தெரிந்தது. போனில் எதை டைப் செய்தாலும், அது பின்னணியில் ரூட் அதிகாரத்தோடு ஒரு கட்டளையாகவும் போய்க்கொண்டிருந்தது. சும்மா 'ரீபூட்' என்று டைப் செய்தால் போன் நிஜமாகவே ஆஃப் ஆகி ஆன் ஆனது! கூகுள் உடனே அப்டேட் அனுப்பி அடைத்தது. ஆனால் அதற்குள் பலர் அந்த வழியில் ரூட் செய்துவிட்டார்கள்.

இப்போது பரவலாகப் பயன்படுவது 2016-ல் ஜான் வூ வெளியிட்ட 'மேஜிஸ்க்' என்ற கருவி. செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்களை வரவழைத்து, 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்பதை ஆன் செய்து, கணினியோடு இணைத்து பூட்லோடரைத் திறக்க வேண்டும். அதன் பிறகு போனின் பூட் கோப்பை மேஜிஸ்க் மூலம் மாற்றி மீண்டும் ஏற்ற வேண்டும்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். பூட்லோடரைத் திறந்த உடனே போனில் உள்ள போட்டோ, மெசேஜ் எல்லாம் அழிந்துவிடும். இது கோளாறு அல்ல, திட்டமிட்டே வைத்தது. போனைத் திருடியவர் பூட்லோடரைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். "டேட்டா எதுவும் போகாது, ரூட் பண்ணித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்பட வேண்டியதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் சிம் லாக்?

ரூட் செய்வது ஆண்ட்ராய்டு இயங்கும் பகுதியில் நடக்கிறது. நெட்வொர்க் பூட்டு பெரும்பாலும் இருப்பது மோடம் பகுதியில். சிக்னலைக் கவனிக்கும் அந்தப் பகுதிக்குத் தனி மென்பொருள், தனிப் பாதுகாப்பு. அதனால் இன்றைய போன்களில் ரூட் அதிகாரம் கிடைத்தாலும் சிம் லாக் அப்படியே நிற்கும்.

தலைகீழாகவும் நடக்கும். அமெரிக்காவின் வெரைசான் நிறுவனம் விற்கும் கூகுள் பிக்சல் போன்களில் நெட்வொர்க் பூட்டு நீங்கி எந்த சிம்மும் எடுக்கும். ஆனால் பூட்லோடரைத் திறக்க முடியாது. இரண்டும் வேறு வேறு பூட்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இந்தியாவில் நெட்வொர்க் பூட்டு உண்டா?

இங்கே கடையில் வாங்கும் பெரும்பாலான போன்களில் இல்லை. எந்த சிம்மையும் போடலாம். ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை.

2003-ல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய்க்கு போன் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அந்த சிடிஎம்ஏ போன்களில் சிம் கார்டே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். நெட்வொர்க் பிடிக்கவில்லை என்றால் போனையே மாற்ற வேண்டியதுதான். 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடஃபோன் மூலம் வந்த ஐபோன் 3ஜி அந்தந்த நெட்வொர்க்கோடு பூட்டப்பட்டிருந்தது. 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோனில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டில் நெருங்கிய உதாரணம், 2021 நவம்பர் 4 தீபாவளியன்று 6,499 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட். இரண்டு சிம் போடலாம். ஆனால் மொபைல் டேட்டா ஜியோவில் மட்டும்தான். தவணையிலும் கிடைத்தது. அதாவது நெட்வொர்க் கட்டுப்பாடும் கடன் பூட்டும் ஒரே போனில் சேர்ந்து வந்தன.

வெளிநாட்டுப் போன் வந்திருக்கிறதா?

மெப்ஸ் வளாகம் தொடங்கி ஓஎம்ஆர் வரை ஐடி வேலையில் இருப்பவர்கள் நிறைந்த பகுதி இது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதும், மீனம்பாக்கத்தில் இறங்கும்போது பையில் ஒரு போன் இருப்பதும் புதிதல்ல. பூட்டுப் பிரச்னை அதிகம் வருவது அமெரிக்காவில் தவணைத் திட்டத்தில் வாங்கிய போன்களில்தான். கனடா 2017 டிசம்பரிலும், பிரிட்டன் 2021 டிசம்பரிலும் பூட்டிய போன்களை விற்கத் தடை போட்டுவிட்டன.

அமெரிக்காவில் 2013 ஜனவரி முதல், நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் புதிய போனின் நெட்வொர்க் பூட்டைத் திறப்பது சட்டவிரோதமாக இருந்தது. மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு, 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது.

இன்றைக்கும் சரியான வழி அந்த நிறுவனத்திடமே கேட்பதுதான். போனுக்கான பணம் முழுவதும் கட்டியிருக்க வேண்டும், திருட்டுப் புகார் இருக்கக் கூடாது, குறிப்பிட்ட நாட்கள் அந்த நெட்வொர்க்கில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பவை பொதுவான நிபந்தனைகள். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. போனைக் கொடுத்தனுப்பும் உறவினர் அங்கிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிட்டால் இங்கே அலைச்சல் இல்லை.

அன்லாக் கோடு என்று யாரோ சொல்லும் எண்களைப் போட்டுப் பார்ப்பதும் ஆபத்து. சில முறைக்கு மேல் தவறாகப் போட்டால் பல போன்கள் அதற்குப் பிறகு சரியான கோடைக்கூட ஏற்காது.

பூட்டு திறந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி நெட்வொர்க் கிடையாது. சாதாரண அழைப்புக்கே 'வோல்ட்இ' வேண்டும். அந்த வெளிநாட்டு மாடலில் இந்திய நெட்வொர்க்குக்கான வோல்ட்இ ஆதரவு இல்லையென்றால் இன்டர்நெட் வரும், கால் போகாது. அமெரிக்காவில் விற்கும் பிக்சல் 10 வரிசைப் போன்கள் பலவற்றில் சிம் போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான்.

ரூட் செய்தால் ஜிபே, போன்பே என்ன ஆகும்?

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். வங்கி ஆப்கள், ஆப்களுக்கு இடையே உள்ள சுவரை நம்பித்தான் இயங்குகின்றன. ரூட் செய்த போனில் அந்தச் சுவரைத் தாண்ட ஒரு ஆப்புக்கு வழி கிடைத்துவிடும். பின் நம்பர், ஓடிபி எல்லாம் அதே போனில்தான் இருக்கிறது. ரூட் செய்த போன்களைக் கண்டறிந்து ஆப் இயங்காமல் தடுப்பது பற்றி ரிசர்வ் வங்கியும் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பேமென்ட் பாதுகாப்பு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

போன் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று ஆப்கள் கூகுளின் 'ப்ளே இன்டெக்ரிட்டி' மூலம் சோதிக்கின்றன. ரூட் செய்யாவிட்டாலும், பூட்லோடர் திறந்திருந்தாலே அந்தச் சோதனையில் போன் தோற்கலாம். எந்த ஆப் எப்போது மறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்று ஓடும் ஆப் அடுத்த அப்டேட்டில் நின்றுபோகலாம். டீக்கடை முதல் காய்கறி வண்டி வரை க்யூஆர் கோடில் பணம் கொடுக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

"பிடிக்கலைன்னா பழையபடி மாத்திக்கலாம்" என்பதும் எல்லா போனுக்கும் பொருந்தாது. சாம்சங் கேலக்ஸி போன்களில் 'நாக்ஸ்' பாதுகாப்புக்கு ஒரு மின்னணு ஃபியூஸ் இருக்கிறது. அங்கீகரிக்காத சாஃப்ட்வேரை ஏற்றினால் அது ஒரேயடியாக மாறிவிடும். பிறகு ஒரிஜினல் சாஃப்ட்வேரை ஏற்றினாலும் செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பே போன்றவை திரும்பாது.

இஎம்ஐ லாக்குக்கு என்ன வழி?

கடன் பூட்டுகளில் பல, போன் நிறுவனமே தரும் வசதியைக் கொண்டு போடப்படுபவை. ரீசெட் செய்தாலும் இன்டர்நெட் இணைந்ததும் திரும்ப வந்துவிடும். தவணை பாக்கி இருக்கும்போது அதை உடைப்பது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும். இப்படி போனைப் பூட்ட கடன் நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பது ரிசர்வ் வங்கியின் பரிசீலனையில் இருப்பதாக 2025 செப்டம்பரில் செய்தி வெளியானது.

தவணை முழுவதும் கட்டிய பிறகும் லாக் நீங்கவில்லையா? சர்வீஸ் கடைக்குப் போக வேண்டாம். கடன் முடிந்ததற்கான சான்றைக் காட்டி அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த போனை ரூட் செய்வதைக் குற்றம் என்று தனியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் வாரண்டியில் பிரச்னை வரலாம்.

ஐஎம்இஐ எண்ணைத் தொடுவது முற்றிலும் வேறு கதை. ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க அடையாள எண் இது. "ஐஎம்இஐ மாத்தினா பிளாக் போயிடும்" என்று யாராவது சொன்னால், அது குற்றத்துக்கு அழைப்பு. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி, மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

போனைக் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்

• எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள். வேறு நெட்வொர்க் சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சிம் லாக் என்றால் திரையிலேயே தெரிந்துவிடும்.

• செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினால் *#06# டயல் செய்து ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். ஆங்கிலத்தில் 'கேஒய்எம்' என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண் என டைப் செய்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண்ணின் நிலை தெரியும். 'சஞ்சார் சாத்தி' தளத்திலும் பார்க்கலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

• போன் தொலைந்துபோனால் போலீஸில் புகார் செய்துவிட்டு, 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் செயல்படும் சிஇஐஆர் வசதி மூலம் பிளாக் செய்யலாம். அதுவும் சஞ்சார் சாத்தியிலேயே இருக்கிறது.

• வேண்டாத ஆப்களை நீக்க மட்டும் என்றால் ரூட் தேவையே இல்லை. செட்டிங்ஸில் 'டிசேபிள்' செய்தால் போதும்.

• 'ஒரே கிளிக்கில் ரூட்' என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வரும் ஏபிகே ஃபைலைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

• ரூட் செய்து கற்றுக்கொள்ள ஆசையா? வங்கிக் கணக்கோ, ஆதாரோடு இணைந்த சிம்மோ இல்லாத பழைய போனில் செய்து பாருங்கள். அப்டேட் நின்றுபோன போனுக்கு 'லினியேஜ் ஓஎஸ்' மூலம் மறுவாழ்வு கொடுக்கலாம். அதற்கு பூட்லோடரைத் திறந்தால் போதும், ரூட்கூட வேண்டாம்.

யாராவது "அன்லாக் பண்ணிடலாம்" என்று சொன்னால், "எந்த லாக்கை?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால் மட்டும் போனைக் கையில் கொடுங்கள்.