வாலாட்ட மறந்த நாய்கள்

தன்னைப் புண்படுத்திய எசமானனிடமும் வாலாட்டி நிற்பது நாய் என்று கூறி, நட்பில் அதனை யானைக்கும் மேலான இடத்தில் வைத்தது நாலடியார். நாயின் நன்றி நம் பேச்சிலும் எழுத்திலும் ஊறிப்போன ஒன்று. நம்பிக்கை அதன் பிறவிக் குணம், எத்தனை அடித்தாலும் அழியாதது என்றே நாம் கருதி வந்திருக்கிறோம். அக்கருத்து எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை, அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்கின் துணைகொண்டு இங்கே பார்ப்போம்.

அவ்வாண்டு ஏப்ரல் 25 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி கவுண்டியில் ஒரு வீடும் நிலமும் சோதனையிடப்பட்டன. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் புகழ்பெற்ற வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடம் அது. போதைப்பொருள் விசாரணைக்காகச் சென்றவர்கள் கண்டதோ, மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் கனத்த சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்த பிட்புல் நாய்களை. அவை ஐம்பது வரை இருந்தன. பந்தயம் கட்டி நாய்ச்சண்டை நடத்தும் கூட்டம் ஒன்று அங்கே 2001 முதல் இயங்கி வந்திருந்தது. சண்டைக்கு உதவாத நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் அமிழ்த்தியும் கொன்றிருந்தனர். ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்ட விக்குக்கு டிசம்பரில் 23 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மனிதர்களுக்குத் தண்டனை கிடைத்தது. நாய்களை என்ன செய்வது? சண்டைக் களத்திலிருந்து கைப்பற்றப்படும் நாய்கள் வழக்கு முடியும்வரை சாட்சியப் பொருட்கள். முடிந்தபின் கொல்லப்படுவதே அதுகாறும் வழக்கம். விலங்குகளுக்காகக் குரல் கொடுக்கும் பெரிய அமைப்புகளில் சிலவும் இவற்றைக் கருணைக்கொலை செய்வதே முறை என்றன. ஆனால் இம்முறை நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. வல்லுநர் குழுவொன்று 49 நாய்களையும் தனித்தனியே ஆராய்ந்தது. மூர்க்கம் கருதி ஒன்றும், நோயின் காரணமாக மற்றொன்றும் கொல்லப்பட, 47 நாய்கள் எஞ்சின. சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ் அவற்றின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். பராமரிப்புக்கென்று விக் ஏறத்தாழ 9,28,000 டாலர் செலுத்த நேர்ந்தது. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் கனாப் நகரருகே உள்ள காப்பகத்துக்கும், 10 நாய்கள் கலிபோர்னியாவின் ஓக்லண்டுக்கும், ஏனையவை பிற அமைப்புகளுக்கும் சென்றன.

பொறுப்பேற்றவர்களை வியப்பில் ஆழ்த்தியது நாய்களின் மூர்க்கமன்று, அச்சமே. மனிதர் நெருங்கினால் பல நாய்கள் வயிற்றைத் தரையோடு ஒட்டித் தட்டையாகிக் கிடந்தன. அதனாலேயே அவற்றைப் 'பான்கேக் நாய்கள்' என்று அழைத்தனர். கதவு, படிக்கட்டு, தொலைக்காட்சியின் ஒலி என வீடென்பதன் ஒவ்வொரு கூறும் அவற்றுக்குப் புதியதோர் அச்சம்.

இதற்கு அறிவியலில் விளக்கம் உண்டு. 1961இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்து 14 வாரங்கள்வரை மனிதத் தொடர்பே இன்றி வளர்ந்த குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டால் காட்டு விலங்கைப்போல் விலகி ஓடின. ஆக, நாய் பிறக்கும்போதே கொண்டு வருவது நம்பிக்கையை அன்று. நம்பக் கற்கும் ஆற்றலை மட்டுமே. உரிய பருவத்தில் தவறியதைப் பின்னால் ஈட்டலாம். ஆனால் பன்மடங்கு பொறுமை வேண்டும்.

அப்பொறுமை எத்தகையது? நாயை நேருக்கு நேர் உற்றுநோக்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்திருப்பது. மேலே குனிந்து தலையைத் தடவாதிருப்பது. கைக்கெட்டும் தூரத்தில் தின்பண்டத்தை வைத்துவிட்டு, அது தானாக வரும்வரை காத்திருப்பது. உணவும் உலாவும் ஒரே நேரத்தில், ஒரே ஒழுங்கில் நடக்கச் செய்வது. ஒதுங்கிக்கொள்ள அதற்கென ஒரு மூலையை விட்டுவைப்பது. துணிச்சலுள்ள இன்னொரு நாயின் துணையும் பேருதவி புரியும். மனிதரிடம் தயங்காத நாயைப் பார்த்தே மருண்ட நாய் மெல்லக் கற்றுக்கொள்கிறது.

விளைவுகள் ஒரேபடித்தாக அமையவில்லை. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், உரக்க வாசித்துப் பழகும் சிறார்களுக்கு அருகிருந்து கேட்கும் துணையாயிற்று. 2014இல் விருதும் பெற்றது. லியோ என்பது புற்றுநோயாளிகளுக்கு ஆறுதல் தரச் சென்றது. முன்னாள் சண்டை வெற்றியாளனான லூகாஸோ மனிதரிடம் அன்பாகவே பழகியபோதும், நீதிமன்ற ஆணைப்படி காப்பகத்திலேயே வாழ்ந்து 2013இல் மறைந்தது. வேறு சில கடைசிவரை புதியவர்களைக் கண்டால் ஒடுங்கின.

இவ்வழக்கின் பாடம் உடனே ஏற்கப்பட்டுவிடவும் இல்லை. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள், குட்டிகள் உட்பட, ஆராயப்படாமலே கொல்லப்பட்டன. அதனால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே, ஒவ்வொரு நாயையும் தனித்தே மதிப்பிட வேண்டும் என்ற கொள்கையை முன்னணி அமைப்புகள் ஏற்றன.

அந்நாய்கள் மனித இனத்தை மன்னித்துவிட்டன என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. மன்னிப்பு நாம் அவற்றின்மேல் ஏற்றிச் சொல்லும் சொல்; நம் குற்றவுணர்வுக்கு அது வசதியானது. அவை செய்தது அதனினும் கடினமானது: ஓங்கிய கைகளையே கண்ட உயிர்கள், எதிரே நீளும் இந்தக் கை வேறு என்று ஒவ்வொரு நாளும் சோதித்து அறிந்தன. அவ்வாறு அறிந்தவற்றுள் கடைசியாக எஞ்சியிருந்த ஃப்ரோடோ, தன்னைத் தத்தெடுத்த குடும்பத்தினரோடு பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2021 டிசம்பரில் இறந்தது.