வளர்ந்தோரும் ஆட்டிச மதிப்பீடும்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் வழக்கறிஞர் ஒருவர் 1938-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் ஒருவருக்குத் தட்டச்சில் 33 பக்கக் கடிதம் ஒன்றை விடுத்தார். மகனுக்கு வந்துள்ளது யாது என அறிய விரும்பி எழுதிய கடிதமே எனினும், அது ஒரு வாழ்க்கை வரலாற்றைப் போல அமைந்திருந்தது. ஐந்து வயதுச் சிறுவன் டொனால்டு, ஒரு வயதிலேயே பாட்டின் மெட்டைப் பிழையின்றி முனகியது, கண்ட பொருள்களையெல்லாம் தரையில் சுழலவிட்டு மகிழ்ந்தது, தனியே விடப்பட்டபோதே பெரிதும் இன்புற்றிருந்தது, தந்தை வீடு திரும்பினாலும் ஏறிட்டுப் பாராதது ஆகிய யாவும் அதில் விரிவாக எழுதப்பெற்றிருந்தன.

கடிதத்தைப் பெற்றவர் லியோ கானர் என்பார். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவத்தை வளர்த்தவர். டொனால்டையும் அவனையொத்த பத்துக் குழந்தைகளையும் பற்றி 1943-இல் இவர் வெளியிட்ட கட்டுரையே ஆட்டிச வரலாற்றின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. மாஸ்கோ நகரத்துப் பெண் மருத்துவர் குரூன்யா சுகரேவா இத்தகைய சிறுவர் அறுவரை 1925-லேயே விவரித்துவிட்டார். ஆயினும் மேனாட்டார் அவரை நெடுங்காலம் கற்றாரில்லை.

நாம் இங்குக் கூறப் புகுவது குழந்தைகளைப் பற்றியன்று. முப்பது வயதிலோ ஐம்பது வயதிலோ ஓர் ஆடவர் அல்லது பெண், 'எனக்கு ஆட்டிசம் உண்டோ?' என்ற ஐயத்துடன் மருத்துவரை நாடினால் அங்கு நிகழ்வது யாது, அம்முறை எவ்வாறு உருவாயிற்று என்பதே நம் பொருள். ஆயினும் அக்கடிதத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஆட்டிசம் உண்டு என்று சொல்லும் குருதிச் சோதனை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மூளையைப் படமெடுத்தும் அதனை முடிவுகட்ட இயலாது. ஒருவர் பிறந்தது முதல் வாழ்ந்துவந்த வகையே சான்று. குழந்தைக்காக அச்சான்றைத் தாய் தந்தையர் கொணர்வர். நாற்பத்தைந்து வயதினர் ஒருவருக்கு அந்த 33 பக்கங்களை எழுதித் தருவார் யார்?

பெயரின் கதையைச் சிறிது காண்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதனைக் கடந்துபோக மனம் வரவில்லை. 'தான்' எனப் பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர். மனச்சிதைவு நோயுற்றோர் புறவுலகை விட்டுத் தம்முள் ஒடுங்கும் நிலையைக் குறிக்கவே 1911-ஐ ஒட்டி அவர் இதனை வழங்கினார். கானர் அச்சொல்லை இரவல் வாங்கினார். பழைய வாடையும் கூடவே வந்தது. 1999-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் இந்திப் பெயரில் இது 'ஸ்வபராயணதா' என நிற்கிறது. தன்னிலேயே ஈடுபட்டு நிற்றல் என்பது அதன் பொருள். தமிழில் 'மதியிறுக்கம்' என்கின்றனர். முன்னது தன்னலம் போல ஒலிக்கிறது. பின்னதைக் கேட்போர் அறிவு முடங்கியதென்றே கொள்வர். இரண்டும் உரியவரைப் பற்றித் தவறான தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறோம். தமிழ்ப் பற்றுடையோர் பொறுத்தருள்க.

கானர் கண்ட பதினொரு குழந்தைகளும் வளர்ந்தனர். அவர்களுக்கு நேர்ந்தது யாது எனத் தேடி 1971-இல் அவரே மீண்டும் எழுதினார். அரசு மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டோர் இருந்த திறனையும் இழந்து மங்கினர். அவ்விடுதியிற் சேர்ப்பது ஆயுள் தண்டனைக்கு ஒப்பாயிற்று என்பது அவர் கண்ட முடிவு. டொனால்டின் வாழ்வோ வேறு வழியிற் சென்றது. 1942-இல் பெற்றோர் அவனைப் பண்ணைத் தொழில் செய்யும் தம்பதியர் ஒருவரிடம் விட்டனர். அவனுக்கு எதையும் அளந்து பார்ப்பதில் தீராத ஆவல் இருந்தது. அவ்விருவரும் அதனைத் தடுத்தாரில்லை. கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லுமாறு பணித்தனர். சோளக் கொல்லையின் வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தான். அதற்கும் வழி கண்டனர்: உழுதுகொண்டே எண்ணட்டும் என்று ஏரை அவனிடம் கொடுத்தனர். மருத்துவம் படியாத அவ்விருவரும் செய்தது போன்ற மருத்துவத்தை நாம் நூல்களில் அதிகம் கண்டதில்லை. டொனால்டு பின்னர்க் கல்லூரியிற் பயின்றார், தம் ஊர் வங்கியிற் பணிபுரிந்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023-இல், 89-ஆம் வயதில் காலமானார்.

ஆயினும் மருத்துவ நூல்களில் ஆட்டிசம் குழந்தைகளின் உடைமையாகவே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட கையேடு இதற்கு இட்ட பெயரே 'குழந்தைப்பருவ ஆட்டிசம்' என்பது. முப்பது மாதம் நிரம்புமுன் தொடங்கியிருத்தல் வேண்டும் என்றது அக்கையேடு. முன்னர் அக்குறிகள் இருந்து, வளர்ந்தபின் அவை முழுமையாய்ப் பொருந்தாதவர்க்கோ அது வைத்த பெயர் 'எச்ச நிலை'. உண்ட இலையில் எஞ்சியதைக் குறிப்பது போன்ற சொல் அது.

இதற்கிடையே, சான்று கூற வேண்டிய தாய்மாரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காலம் ஒன்றும் இருந்தது. அன்பற்ற தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்ற கருத்து 1950-களிலும் 1960-களிலும் ஓங்கியிருந்தது. 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதனைப் பரப்பிற்று. அதற்கு மூன்றாண்டு முன்னரே, ஆட்டிசமுள்ள மகனைப் பெற்ற உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லண்டு, காரணம் உடலமைப்பைச் சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். இன்று அறிவுலகம் அவர் பக்கமே நிற்கிறது. ஆயினும் பழி சுமத்தப்பட்ட தாயர் தம் நினைவைத் திறந்து பேச எத்துணை அஞ்சியிருப்பர்!

கதவைத் திறந்தவரும் ஒரு தாயே. இலண்டன் மருத்துவர் லோர்னா விங் ஆட்டிசமுள்ள மகளை வளர்த்தவர். கானர் வரைந்த குறுகிய வட்டத்துக்குள் அடங்காத பலர் உளர், அவருள் வளர்ந்தோரும் உளர் என்பதை 1981-இல் எழுதிய கட்டுரையில் அவர் காட்டினார். வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் நான்கு சிறுவரைப் பற்றி எழுதியிருந்ததை நினைவூட்டி, அவர் பெயரையே அந்நிலைக்கு இட்டார். 1994-இல் அமெரிக்கக் கையேட்டிலும் அப்பெயர் ஏறிற்று; 2013-இல் நீங்கி, யாவும் 'ஆட்டிச நிறமாலை' என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. நாஜி ஆட்சியின்போது குழந்தைகள் கொல்லப்பட்ட விடுதிக்குச் சிலரை அனுப்புவதில் ஆஸ்பெர்கருக்குப் பங்கு இருந்தது என்பதனை 2018-இல் வெளிவந்த வரலாற்றாய்வு ஆவணங்களுடன் காட்டிற்று. அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ள இன்று பலர் விரும்பாமை இயல்பே.

2013-ஆம் ஆண்டுக் கையேட்டின் ஒரு வரி வளர்ந்தோர்க்கு மிக முதன்மையானது. குறிகள் இளமையிலேயே இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் சூழ்நிலை கேட்பது ஒருவரின் ஆற்றலை மிஞ்சும்வரை அவை வெளித்தோன்றாமலும் இருக்கலாம். கற்றுக்கொண்ட பழக்கங்களால் மறைந்தும் கிடக்கலாம் என்பது அதன் கருத்து. வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்று, தேர்வெழுதி, கோப்புகளைப் பிழையின்றி முடித்து வந்த எழுத்தர் ஒருவர், பதவி உயர்வு பெற்றுப் பத்துப் பேரை மேற்பார்க்க நேரும்போது நிலைகுலைவது ஏன் என்பதற்கு இவ்வரியில் விடை இருக்கக்கூடும். சிலர் தம் குழந்தைக்கு ஆட்டிசம் என அறியும் நாளிலேயே தம்மைப் பற்றியும் ஐயுறத் தொடங்குகின்றனர்.

இங்கிலாந்தில் 2007-இல் மக்களிடையே நடத்திய கணக்கெடுப்பில், வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதும், அத்தகையோர் பெரும்பாலும் அறியப்படாமலே வாழ்வதும் புலனாயின. 2009-இல் அந்நாட்டில் ஆட்டிசத்துக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. வளர்ந்தோரை மதிப்பிடும் நெறிமுறைகள் 2012-இல் வந்தன. 

அம்முறை யாது? முதலில் வினாத்தாள் ஒன்று தரப்படலாம். கேம்பிரிட்ஜில் 2001-இல் வகுக்கப்பெற்ற வினாத்தாளில் 50 வினாக்கள். 32-ம் அதற்கு மேலும் பெறுவோரை மேற்கொண்டு ஆராய்தல் தகும் என்பர். இது வாயிற்கதவேயன்றித் தீர்ப்பன்று. எண் குறைந்ததால் இல்லை என்றோ மிகுந்ததால் உண்டு என்றோ துணிதல் தவறு. அவ்வினாக்களுள் ஒன்று, கேளிக்கை விருந்தினும் நூலகத்தையே விரும்புவீரோ எனக் கேட்கிறது. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போகாமல் நூலகம் செல்லும் உரிமை நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? சொல்லை மொழிபெயர்த்துவிடலாம், வாழ்க்கையை மொழிபெயர்ப்பது கடினம்.

அடுத்து நேர்காணல். ஒரே அமர்விலும் முடியலாம். பல நாட்கள் நீளவும் கூடும். நட்பு, பணி, பேச்சை வார்த்தைக்கு வார்த்தை கொள்ளும் இயல்பு, மாற்றம் வந்தால் எழும் கலக்கம், ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒளி ஒலி மணம் ஆகியவற்றைத் தாங்கும் அளவு ஆகியவற்றைப் பற்றி விரிவாக வினவுவர். இயன்றால் இளமையில் கண்டவர் ஒருவரையும் உடன் அழைத்து வரச் சொல்வர்; பள்ளிக்கூட மதிப்பெண் ஏட்டில் ஆசிரியர் எழுதிய குறிப்பும் பயன்படும். பின்னர் நேரிற் கண்டறியும் சோதனை: சொற்களில்லாத படநூலைக் கொடுத்துக் கதை சொல்லச் செய்வர்; தனிமை என்றால் உமக்கு என்ன தோன்றுகிறது எனக் கேட்பர். இஃதென்ன சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் மனம் நோவர். மருத்துவர் நோக்குவது கதையின் நயத்தையன்று; உரையாடல் இருவருக்கிடையே எவ்வாறு போய் வருகிறது என்பதையே. இறுதியில் மன அழுத்தம், கூட்டத்தைக் கண்டு அஞ்சும் பதற்றம், கவனக்குறைவு நிலை முதலியவற்றுள் ஏதேனும் இதற்கு மாற்றாகவோ இதனுடன் சேர்ந்தோ உளதா எனப் பிரித்தறிவர். பிறரைப் பார்த்துப் புன்னகையையும் பேச்சையும் பயின்று தம்மை மறைத்துக்கொள்ளும் பழக்கமுடையோர், சிறப்பாகப் பெண்கள், இதில் தவறவிடப்படுவதுண்டு. ஆகவே, செல்வோர் அங்கும் நல்ல பிள்ளையாய் நடிக்க வேண்டுவதில்லை. நினைவிற்கு வந்தவற்றை முன்னரே தாளில் எழுதிச் செல்லலாம். விளக்கொளி உறுத்தினால் குறைக்கச் சொல்லலாம்.

நம் நாட்டில் இரண்டு வாயில்கள் உள்ளன. இவற்றை ஒன்றெனக் கொண்டு அலைவோர் பலர். மருத்துவர் கண்டறிந்து சொல்வது ஒன்று. அரசுச் சான்றிதழ் மற்றொன்று. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் சொன்ன ஏழு நிலைகளுள் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 நிலைகளை ஏற்று, அவற்றுள் இதனையும் சேர்த்தது. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசமுள்ளோரும் அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியன உடையோரும் பங்கிட வழிசெய்தது. சான்றிதழுக்கு உரிய அளவுகோல் செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனத்தில் உருவான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை எண், கூட்டுத்தொகை 70-ஐ எட்டாவிடில் ஆட்டிசமில்லை. கண்ணோடு கண் நோக்காமை, சமூகப் புன்னகையின்மை, கேட்ட சொல்லையே திரும்பச் சொல்லுதல் போன்றவை அக்கூறுகள். கண்ணை நோக்கவும் தக்க இடத்தில் சிரிக்கவும் நாற்பதாண்டு முயன்று கற்ற ஒருவரை இவ்வளவுகோல் எங்ஙனம் அளக்கும்? குழந்தைக்குத் தைத்த சட்டையைப் பெரியவர்க்கு அணிவிப்பதாகவே நமக்குப் படுகிறது.

தில்லியில் நாம் அறிந்த நண்பர் ஒருவர் நாற்பத்து நான்காம் வயதில் இவ்வழியே சென்றார். முதலிற் கண்ட மருத்துவர், "மணமாகியிருக்கிறது, அரசு வேலை இருக்கிறது, உமக்கு ஏது ஆட்டிசம்?" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஓராண்டு கழித்து வேறொருவரிடம் போனார். அங்கு இளமைச் சான்று கேட்டனர். பெற்றோர் இருவரும் இல்லை. நாகபுரியிலுள்ள தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தனர், நாமும் அருகிலிருந்தோம். அவ்வம்மையார்க்கு வந்த கோபம் சிறிதன்று. "என் தம்பிக்கு ஒன்றும் கிடையாது, டாக்டர். அவன் சின்ன வயசிலேயே சமர்த்து. தீபாவளி என்றால் மட்டும்தான் கொஞ்சம் படுத்துவான். புதுச்சட்டை மேலே பட்டால் அழுவான். அம்மா நாலு நாள் முன்னாடியே அதைப் பத்துத் தடவை தோய்த்து உலர்த்தி, பழசாக்கித்தான் போட்டுவிடுவாள். வேறு ஒன்றும் கிடையாது" என்றார்.

மருத்துவர் எழுதுகோலை எடுத்தார். "அதை மறுபடியும் ஒருமுறை மெதுவாகச் சொல்லுங்கள், அம்மா" என்றார்.