டாக்டர் ஸ்டேபிள்ஃபோர்டின் பூஜ்யம்

கோல்ஃப் என்று ஆரம்பித்தாலே பலர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள், தெரியும். இந்தக் கட்டுரை ஆட்டத்தைப் பற்றியதைவிட, மதிப்பெண் போடும் முறையைப் பற்றியது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. மொத்தம் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் பந்தைப் போடுவார் என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். பெரும்பாலான மைதானங்களில் பார் 70, 72 என்று வரும். கிளப்பில் ஆடும் நம்மைப் போன்றவர்களுக்கு அவரவர் திறமைக்கு ஏற்ப ஒரு சலுகை தருவார்கள், அது ஹேண்டிகேப். ஹேண்டிகேப் 18 என்றால் அடித்த மொத்தத்தில் 18-ஐக் கழித்துக்கொள்ளலாம். சாம்பியனும் சாமானியனும் ஒரே போட்டியில் நிற்க முடிவது இதனால்தான்.

ஆதியில் கோல்ஃப் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும் ஆட்டம். ஒரு குழியில் தோற்றால் அந்தக் குழியோடு போயிற்று, அடுத்ததில் புதுக் கணக்கு. 1759-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் வேறொரு முடிவெடுத்தார்கள். மைதானத்தைச் சுற்றி முடிக்க யார் குறைந்த அடிகள் எடுக்கிறாரோ அவருக்கே வெள்ளிப் பரிசு. அப்போது அங்கே ஒரு சுற்றுக்கு 22 குழிகள். நிறையப் பேர் கலந்துகொள்ளும் போட்டிக்கு வசதியான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு குழியில் செய்த தப்பு கடைசிவரை கூடவே வரத் தொடங்கியது. மூன்றாவது குழியில் பங்கர் மணலில் மாட்டி 10 அடித்தவர், மீதி 15 குழிகளையும் அந்த 10-ஐச் சுமந்துகொண்டுதான் ஆட வேண்டும்.

இதற்கு முதல் மாற்று 1890 வாக்கில் வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஹியூ ராதர்ஹாம் என்பவர் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிலையான எண்ணைக் குறித்து, அதை எதிராளியாக வைத்து ஆடலாம் என்றார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்கு, அப்போது பிரபலமாக இருந்த ஒரு பூச்சாண்டிப் பாட்டிலிருந்து போகி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1892-இல் காஸ்போர்ட் பக்கத்து ராணுவ கிளப்பில், இங்கே உறுப்பினர் எல்லாருக்கும் பதவி உண்டே, இவருக்கு மட்டும் இல்லாமல் போவதா என்று கர்னல் ஆக்கிவிட்டார்கள். கர்னல் போகி தப்பே செய்யமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள சங்கடம். அவரிடம் ஓர் அடியில் தோற்றாலும் ஆறு அடியில் தோற்றாலும் ஒன்றே. மயிரிழையில் தோற்றவருக்கு ஆறுதல் இல்லை.

நம் கதாநாயகர் இங்கேதான் வருகிறார். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட், 1870-இல் பிறந்தவர், அறுவை சிகிச்சை மருத்துவர். 1898 செப்டம்பர் 30 அன்று வேல்ஸின் பெனார்த் ஊரில் உள்ள கிளாமர்கன்ஷயர் கிளப்பில் அவர் வகுத்த புது முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்னலிடம் ஓர் அடியில் தோற்றால் 1 புள்ளி, சமன் என்றால் 2, ஓர் அடியில் வென்றால் 3, இரண்டு அடியில் வென்றால் 4. கடைசியில் ஹேண்டிகேப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த முறை அப்போது பரவவில்லை. ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஹேண்டிகேப் இல்லாத கெட்டிக்காரர் எல்லாக் குழியிலும் சமன் செய்தால் 36. ஹேண்டிகேப் 18 உள்ளவர் ஒவ்வொரு குழியிலும் ஓர் அடி கூட அடித்தால் 18 புள்ளி, அதோடு 6, ஆக 24. இருவருமே தத்தம் அளவுக்கு ஆடியிருக்கிறார்கள், ஆனால் வித்தியாசம் 12 புள்ளி! யாருக்காக முறை தேவையோ அவருக்கே அது உதவவில்லை என்பது என் அபிப்பிராயம்.

டாக்டருக்கு அப்போது வயது 28. கையில் நல்ல ஆட்டம் இருந்தது. 1907-இல் ராயல் போர்த்கால் கிளப்பின் சாம்பியனே அவர்தான். பிறகு உலகப் போர் வந்தது, ராணுவ மருத்துவப் படையில் பணிபுரிந்தார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி நதி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள வாலசி கிளப்பில் உறுப்பினரானார். மணல்மேடுகளுக்கு நடுவே, கடல் காற்று ஓயாமல் அடிக்கும் மைதானம் அது. வயது ஏற ஏற ஹேண்டிகேப்பும் ஏறியது. ஒரு காலத்தில் இரண்டே அடியில் எட்டிய இடங்கள், எதிர்க்காற்றில் எட்டாமல் போயின.

1931-இன் பிற்பகுதியில் ஒரு நாள் வாலசியின் இரண்டாவது குழிப் பக்கம் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது பழைய யோசனை திரும்ப வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போட்டிக்கு வருபவர்களில் பலர் சில குழிகளிலேயே கார்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்களே, ஏதாவது செய்ய முடியாதா என்பதுதான் அவர் கேள்வி. 28 வயதுக் கெட்டிக்காரர் போட்ட கணக்கை 61 வயதுக்காரர் திருத்தினார். இன்று நாம் ஆடும் முறையில் ஹேண்டிகேப்பைக் கடைசியில் கூட்டுவதில்லை, கஷ்டமான குழிகளிலிருந்து தொடங்கி குழிவாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். அந்தச் சலுகைக்குப் பிறகு பார் என்றால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, அதற்கு மேல் எத்தனை கூடினாலும் பூஜ்யம். 1932 மே 16 அன்று வாலசியில் முதல் போட்டி நடந்தது.

அந்தப் பூஜ்யம் என்ன செய்கிறது பாருங்கள். பார் 72, ஹேண்டிகேப் 18. பதினேழு குழிகளில் ஒழுங்காக ஒரு அடி மட்டும் கூட அடித்து, ஒரே ஒரு பார் 4 குழியில் 11 அடித்துவிட்டார். பழைய முறையில் மொத்தம் 96, கழித்தால் 78. பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடம். ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் 34 புள்ளி. எதிர்பார்க்கும் 36-க்கு இரண்டே குறைவு. அதே மனிதர், அதே அடிகள்.

நான் வேலைக்காக மலைப்பக்கம் மாற்றலாகிப் போனபோதுதான் இந்த ஆட்டம் பழகியது. அங்கே எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் மாதப் போட்டிக்குத் தவறாமல் வருவார். மொத்த அடி எண்ணும் நாட்களில் ஐந்தாவது குழிக்குள் ஏதாவது ஒரு விபத்து நடந்துவிடும். "முழங்கால் வலிக்குதுப்பா, நீங்க ஆடுங்க" என்று கிளம்பிவிடுவார். ஸ்டேபிள்ஃபோர்ட் நாட்களில் அதே விபத்து நடந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கேடியிடம் சிரித்தபடி அடுத்த குழிக்கு நடப்பார். முழங்கால் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. ஒரு தடவை 38 புள்ளி எடுத்து மூன்றாவதாக வந்தார்; பரிசு ஒரு டஜன் கண்ணாடி டம்ளர். அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறியது கண்ணில் நிற்கிறது.

இது உண்மையான கோல்ஃப் இல்லை, தப்புக்குத் தண்டனை வேண்டாமா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் எல்லா கிளப்பிலும் உண்டு. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. சாம்பியன் யார் என்று தீர்மானிக்க ஒவ்வொரு அடியையும் எண்ணத்தான் வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலை போட்டிக்கு வரும் அறுபது பேரில் சாம்பியன் ஆகக்கூடியவர்கள் நாலு பேர். மற்ற ஐம்பத்தாறு பேரும் சந்தா கட்டுகிறவர்கள்தானே?

தொழில்முறை ஆட்டக்காரர்களும் இதை விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் 1986 முதல் 2006 வரை நடந்த இன்டர்நேஷனல் போட்டி, இதன் மாற்றிய வடிவத்தில்தான் நடந்தது. அங்கே மோசமான குழிக்குக் கழித்தல் புள்ளி உண்டு. டாக்டரின் பூஜ்யத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேபிள்ஃபோர்ட் 1959-இல் காலமானார். அவர் பெயரில் வாலசியில் இன்றும் அமெச்சூர்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறார்கள்.