மருதானையில் இறங்கி மஹரகமைக்கு

சில வருஷங்களுக்கு முன்னர் என் மாமியைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து இரவுக் கோச்சியில் வந்து விடியற்காலையில் மருதானையில் இறங்கினேன். போகவேண்டிய இடம் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. அதே நிலையத்திலிருந்து மஹரகமைக்கும் கோச்சி உண்டு. ஆனால் எங்களுக்கு வாய்த்தது புறக்கோட்டைக்கு ஒரு த்ரீவீலும், அங்கிருந்து 138 பஸ்ஸும்தான். ஒரே நிலையத்தில் இரண்டு பாதைகள் இருந்தும் ஏன் இப்படி? அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

1865இல் இலங்கையின் முதல் புகையிரதப் பாதை அம்பேபுஸ்ஸ வரை திறக்கப்பட்டபோது, கொழும்பின் முடிவிடம் இன்றைய டெக்னிக்கல் சந்திக்கு அருகில் இருந்தது. அதற்குப் பதிலாக 1908இல் மருதானை நிலையம் வந்தது. இன்றைய கோட்டை நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. அதாவது மருதானை, கோட்டையை விட மூத்தது.

களனிவெளிப் பாதை இங்கிருந்துதான் பிரிகிறது. அது பயணிகளை மனதில் வைத்துப் போடப்பட்டதல்ல. தேயிலையையும் இறப்பரையும் துறைமுகத்துக்கு இறக்கப் போடப்பட்டது. 1902இல் அவிசாவளை, 1903இல் யட்டியாந்தோட்டை, 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஓப்பநாயக்க என நீண்டது. செலவைக் குறைக்க இரண்டரை அடி அகலத்தில் ஒடுக்கமாகப் போட்டார்கள். பிரதான பாதையின் அகலமோ ஐந்தரை அடி. ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. சாமான்களை இறக்கித்தான் மாற்றி ஏற்ற வேண்டும்.

யட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதியும் 1970களில் நின்றுபோனது. எஞ்சியதை 1990களில் அகலப் பாதையாக மாற்றினார்கள். பழைய வளைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்ததால் கோச்சியின் வேகம் கூடவில்லை.

தோட்டப் பாதை அதற்குள் நகரப் பாதையாகிவிட்டது. நாரஹேன்பிட்ட, நுகேகொட, மஹரகம, பன்னிப்பிட்டிய, ஹோமாகம எல்லாம் வீடுகள் நிறைந்த ஊர்கள். காலையில் கோச்சிகள் அலுவலகம் போவோரைக் கொழும்புக்குக் கொண்டுவருகின்றன, பின்னேரம் திருப்பிக் கொண்டுபோகின்றன. பெரும்பாலும் ஒற்றைத் தடம் என்பதால் எதிர்த்திசையில் விட இடம் குறைவு. காலையில் மஹரகமைக்குப் போகும் நோயாளி இந்த ஓட்டத்துக்கு நேர் எதிரே போகிறவர்.

அதனால்தான் ஹைலெவல் வீதியின் 138 பஸ் இவ்வளவு முக்கியமானது. மாகும்புரயில் கோச்சிப் பாதையோரம் பஸ் நிலையம் கட்டி, தெற்கு அதிவேகப் பாதை பஸ்களையும் அங்கு கொண்டுவந்தது நல்ல முன்னேற்றம். காலியிலிருந்து வருபவருக்கு அது உதவும். கிழக்கிலிருந்து இரவுக் கோச்சியில் வருபவருக்கு இன்றும் மருதானைதான் வாசல்.

இதற்குப் புதிய தண்டவாளம் வேண்டியதில்லை. இரவுக் கோச்சிகள் வந்து சேரும் நேரத்தையொட்டி மருதானையிலிருந்து மஹரகமைக்கு ஒரு கோச்சி, அது முடியாவிட்டால் நிலைய வாசலிலிருந்து வைத்தியசாலை வாசலுக்கு ஒரு பஸ் போதும். அன்று மாமி பஸ்ஸில் நுகேகொட வரை நின்றுகொண்டேதான் வந்தார். கேட்டதற்கு, "பரவாயில்ல மகன்" என்று மட்டும் சொன்னார்.

மஹரகமைக்கு நோயாளியோடு போய்வந்தவர்கள் உங்கள் பாதையையும் நேரத்தையும் கீழே எழுதுங்கள். அடுத்துப் போகிறவருக்கு உதவும்.