மாதவிக்கு ஒரு குழல், மாதரிக்கு ஒரு குழல்

சிலப்பதிகாரத்தை மேடையேற்ற முனைவோர் உடையிலும் அணிகலனிலும் காட்டும் அக்கறையைக் குழலில் காட்டுவதில்லை. யாழ் வழக்கொழிந்த கருவி. ஆகவே அதை மீட்டெடுக்க ஒரு விபுலாநந்தர் தோன்றினார். 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அவரது 'யாழ் நூல்' அரங்கேறியபோது, அவர் வகுத்த கணக்கின்படி செய்த யாழ்களும் அங்கே ஒலித்தன. குழலோ அழியவேயில்லை. அதனாலேயே அதைத் தேடவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழவில்லை போலும்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு பள்ளி மேடையில் சிலம்பு நாடகம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கிடைத்த மூங்கிற்குழல் ஒன்று நடிகர் கைக்கு வரும். சற்றே வரலாற்று உணர்வுள்ளவர், "அக்காலக் குழல் மரத்தால் ஆனதாக இருக்கவேண்டாமா?" என்று கேட்பார். மரம் என்றால் தொன்மை, மூங்கில் என்றால் நேற்றையது என்பது நம் மனத்தில் படிந்துவிட்ட ஓர் எண்ணம். இது சரிதானா?

விடை சொல்ல நமக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1892ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில், அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையே அது. மாதவியின் அரங்கேற்றத்துக்கு வாசித்த குழலாசிரியனைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், 'வங்கியம்' எனப்படும் குழலின் செய்முறையையே அவர் விரித்துரைக்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தாலும் குழல் செய்யலாம். இவற்றுள் மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், ஏனைய மூன்றும் அதமம். ஆம், மரத்துக்குக் கடைசி இடமே! மூங்கில் பொழுதுக்கேற்ப மாறும், வெண்கலம் வலிது, மரம் எப்போதும் ஒத்து நிற்கும் என்று குணங்களையும் பிரித்துக் காட்டுகிறார்.

வியப்பு இனிமேல்தான். உத்தமம் மூங்கில் என்று சொன்ன அதே உரையாசிரியர், இக்காலத்தில் மரங்களே கொள்ளப்படுகின்றன என்றும், கருங்காலியே பெருவழக்கு என்றும் எழுதிச் செல்கிறார். நூல் ஒன்றைச் சிறந்தது என்கிறது. அரங்கம் வேறொன்றை எடுத்துக்கொள்கிறது. பருவம் மாறினாலும் சுருதி மாறாத கருவியை அவர் காலத்துக் கலைஞர்கள் நாடினார்கள் என்றுதான் நாம் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அளவுகளும் உண்டு. நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல். ஒரு விரலை முக்கால் அங்குலமாகக் கொண்டால் குழல் பதினைந்து அங்குல நீளம் வரும். குறுக்களவு ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். முகத்தில் இரண்டு விரல் நீக்கி ஊதுவாய், அதிலிருந்து ஏழு விரல் விட்டு ஒன்பது விரல் இடத்தில் எட்டுத் துளைகள், கடையில் இரண்டு விரல். கூட்டிப் பாருங்கள், இருபது சரியாக வருகிறது. எட்டில் ஒரு துளை முத்திரை எனக் கழிய, ஏழு துளைகளில் ஏழு விரல்கள். இடமுகம் வெண்கல அணைசால் அடைக்கப்படும். குழலின் சுவர்க் கனமோ நெல்லரிசியில் பாதி!

கருங்காலியை அவ்வளவு மெல்லியதாகக் கடைவது எளிதன்று. ஆயினும் உலோகத்தையே நுட்பமாகக் கடையும் லேத் பட்டறைகள் நிறைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு இது எட்டாத வேலையும் அன்று. எட்டாதது மரம்தான். இளையதும் அல்லாமல் முதிர்ந்ததும் அல்லாமல், காற்று மயங்காத இடத்தில் வளர்ந்த மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, முறுக்கோ பிளவோ காணவில்லை என்று அறிந்து, ஓராண்டு கழிந்த பிறகே குழல் செய்ய வேண்டும் என்கிறது உரை. கருங்காலி மாலைகள் கடைதோறும் தொங்கும் இந்நாளிலும், ஓராண்டு காத்திருக்கும் பொறுமையைக் கடையில் வாங்க முடியாது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த குழலை ஆய்ச்சியர் குரவையில் வாசிக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து. அது மாதவியின் அரங்குக்கு உரியது. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி ஆடுவித்த குரவைக்கு உரியது ஆயர் குழல். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். தீக்கடைகோலால் கடைந்த நெருப்பைக் கொண்டே துளையிட்டு, அவன் தன் குழலைத் தானே செய்துகொள்கிறான். கடைசலும் இல்லை, வெண்கலமும் இல்லை. அவன் தொண்டை நாட்டான். ஆவடியும் பூந்தமல்லியும் அந்நாட்டு ஊர்களே.

குரவையில் வரும் கொன்றைக்குழல், முல்லைக்குழல் ஆகியவற்றுக்கும் உரை வழியே விளக்கம் கிடைக்கிறது. கொன்றையின் பழத்தைத் துருவித் துளைத்தது முன்னது. சரக்கொன்றைக் காயைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அந்தத் 'துருவுதல்' ஏன் என்பது விளங்கும். உள்ளே வட்டு வட்டாகத் தடுப்புகள் உண்டு. முல்லைக்கொடியை மூன்று புரியாகப் பின்னிய வளையத்தைக் குழலின் வளைவாயில் செறித்தது பின்னது. முல்லைக்கொடியில் சிக்கிய யானையின் கதையையும், கருவறை முன் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்களையும் உடைய திருமுல்லைவாயில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில்தான் இருக்கிறது. முல்லைக்குழலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

ஆகவே நாடகக்காரர் கேட்கவேண்டிய முதற்கேள்வி "எந்த மரம்?" என்பதன்று, "யார் கையில்?" என்பதே. அரங்கேற்றக் காட்சிக்கு, உரையாசிரியர் காலத்து வழக்கைப் பின்பற்றுவதானால், நிழலில் ஓராண்டு கிடந்த கருங்காலி வேண்டும். குரவைக்கோ தெருவோரச் சரக்கொன்றையின் ஒரு நெற்றும் கூரிய கத்தியும் போதும். இரண்டையும் ஒரே குழலால் ஒப்பேற்றினால், ஆடல்மகளின் அரங்கையும் ஆய்ச்சியின் முற்றத்தையும் வேறுபடுத்திக் காட்டிய இளங்கோவின் உழைப்பை நாம் அழித்தவர்களாவோம்.