புக்கிட் தீமா நிலையமும் அதன் சிற்றுருவமும்

சிங்கப்பூரில், புக்கிட் தீமா சாலையை இரும்புப் பாலத்தால் தாண்டிச் செல்லும் பழைய இருப்புப்பாதையின் ஓரத்தில் சிறிய செங்கற் கட்டடம் ஒன்று நிற்கிறது. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவோடு அவ்வழியே இரயில் ஓடுவது நின்றுபோயிற்று. அந்நிலையத்துக்குச் சிற்றுருவம் செய்ய விரும்புவோர் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கின்றனர். சுவர், கூரை, சன்னல், பெயர்ப்பலகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். அத்துடன் ஆராய்ச்சி முடிந்ததெனக் கொள்வது, மனிதனைப் பற்றி எழுதப் புகுந்து அவன் சட்டையைப் பற்றி மட்டும் எழுதி முடிப்பதை ஒக்கும்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, எந்த ஆண்டின் நிலையம் என்பதே. சிங்கப்பூர்–கிராஞ்சி இருப்புப்பாதை 1903இல் திறக்கப்பட்டபோதே புக்கிட் தீமா என்ற பெயரில் ஒரு நிலையம் இருந்தது. ஆனால் அது வேறு, இது வேறு. பழைய பாதை தேங்க் ரோடு நிலையத்தை நோக்கி நகருக்குள் சென்றது. சாலைகளைத் தரைமட்டத்திலேயே குறுக்கிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகவே அது பெருந் தொல்லையாயிற்று. ஆகவே பாதையை மேற்கே விலக்கி, உயர்த்தி, தஞ்சோங் பகாருக்குக் கொண்டுசென்றனர். 1932 மே மாதத்தில் புதிய பாதை திறக்கப்பட்டது. இன்று காணும் கட்டடமும் இரும்புப் பாலமும் அந்த மாற்றத்தின் பிள்ளைகள். எனவே 1932க்கு முற்பட்ட படத்தில் “புக்கிட் தீமா” என்ற பெயரைக் கண்டதும் மகிழ்ந்து அதைப் பார்த்து வரையத் தொடங்கக் கூடாது.

1932க்குப் பின்னும் நிலையம் ஒரே நிலையில் இருந்ததில்லை. அருகே குதிரைப் பந்தயத் திடல் இருந்த காலத்தில் பந்தயக் குதிரைகள் இங்கே வந்து இறங்கின. 1957இல் மலாயா இரயில்வேக்கு டீசல் இயந்திரங்கள் வந்தன. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்கு இங்கிருந்து கிளைப்பாதை பிரிந்தது. அது பின்னர் மூடப்பட்டது. நீராவி இயந்திரத்தையும் 2011ஆம் ஆண்டின் அறிவிப்புப் பலகையையும் ஒரே மேடையில் வைப்பவர் எவ்வளவு அழகாகச் செய்தாலும் பொய்யையே செய்கிறார்.

இனி, ஊர் அடங்கிய அந்த இடத்தில் நிலையம் எதற்கு? பயணிகளுக்காக என்றால் பதில் பாதிதான். பாதை ஒற்றைப் பாதை. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க ஓர் இடம் வேண்டும். அதற்காக இங்கே பாதை இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடியது. ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து செல்லும். இரண்டும் ஒரே பாதையில் எதிரெதிரே புகாமல் காத்தது ஒரு சாவி. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து சாவியை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் செல்லும்வரை இரு பெட்டிகளிலிருந்தும் மற்றொரு சாவியை எடுக்க இயலாது. சாவி கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. பெரிய வளையத்தோடு கட்டிய பையில் சாவியை வைத்து, ஓடும் வண்டிக்கு நீட்டுவார்கள். ஓட்டுநர் பழைய வளையத்தைக் கொடுத்துப் புதியதைப் பற்றிக்கொள்வார். நிலையம் மூடப்படும்வரை இங்கே இம்முறைதான் நடந்தது. ஒரு வளையத்தை நம்பி எத்தனை ஆயிரம் உயிர்கள் அவ்வழியே சென்றிருக்கும்!

ஆகவே அளவு விகிதத்தைக் கட்டடம் தீர்மானிக்கக் கூடாது. பாதையே தீர்மானிக்க வேண்டும். தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். ஐம்பதில் ஒரு பங்கு எடுத்தால் அது 2 சென்டிமீட்டர். மாணவர் கைக்கு வசதியானது. ஆனால் ஒரு பெட்டியை 20 மீட்டர் என்று கொண்டால், பத்துப் பெட்டி வண்டிக்கு 4 மீட்டர் நீளம் வேண்டும். வகுப்பறை தாங்காது. நூறில் ஒரு பங்கு என்றால் இரண்டு மீட்டரில் அடங்கும். கட்டடம் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் சிறுத்துவிடுமே என்பர். சிறுக்கட்டும். வண்டி ஒதுங்க இடமில்லாத நிலையம் வெறும் வீடு. கடையில் விற்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமோ ஐரோப்பாவின் சீர்தரப் பாதைக்கு உரியது. நூறில் ஒரு பங்குக்கு நமக்கு வேண்டியது 10 மில்லிமீட்டரே.

வரைபடம் கிடைக்காத இடத்தில் படமே அளவுகோல் ஆகும். தண்டவாளம் நேரெதிரே தெரியும் படத்தில் அந்த ஒரு மீட்டரை வைத்து, அதே தொலைவிலுள்ள மற்றவற்றை அளக்கலாம். சுவரில் செங்கல் வரிசைகளை எண்ணலாம்; பழைய ஆங்கில முறையில் நான்கு வரிசை ஓர் அடி. பெருக்கல் வாய்பாட்டுக்கு இதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை. தண்டவாளத்தில் பெரும்பகுதி 2011இல் அகற்றப்பட்டாலும் கட்டடமும் பாலமும் பாதுகாக்கப்பட்டன. சீரமைப்புக்குப் பின் 2022 முதல் மக்கள் அங்கே சென்று பார்க்க முடிகிறது.

கடைசியாக ஆட்கள். மலாயா இருப்புப்பாதையில் வெயிலில் சரளை கொட்டியவர்களிலும் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்களிலும் தமிழர் பலர். முன்னவர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தும், பின்னவர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள். நூறில் ஒரு பங்கில் மனிதன் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டான். அப்படி ஓர் உருவமேனும் செய்து, மேடையின் விளிம்பில் நிறுத்தி, உயர்த்திய கையில் மெல்லிய கம்பியால் ஒரு வளையம் மாட்டிவிட வேண்டும்.