சீதனக் காணியும் கணவன் கையொப்பமும்

யாழ்ப்பாணத்தில் நீதிமன்றச் செய்திகள் திரட்டிய நாட்களில் ஒரு விந்தையைக் கண்டேன். சீதனக் காணி மனைவியின் பெயரில் இருக்கும். அதைக் கைமாற்றப் பிரிந்துபோன கணவன் கையொப்பமிட வேண்டும்.

ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையின் வழிவந்த நிலை இது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சீதனத்தை அவளது தனிச்சொத்தென ஏற்றது. ஆயினும் காணிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. அவன் கைவிட்டுச் சென்றிருந்தால் மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம் என்றது 8 ஆம் பிரிவு.

விவாகரத்து வழக்கு நடக்கையில் இடைக்காலத் தாபரிப்புக் கோர 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இடமளித்திருந்தது. நான் கண்ட தாயாரோ விவாகரத்தும் கோரவில்லை, தாபரிப்பும் கோரவில்லை. தன் காணியை மகளுக்குச் சீதனமாக எழுதவே நீதிமன்றப் படியேறினார். தவணைமேல் தவணை! அனுமதி கிடைக்குமுன் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிப்போயிற்று.